பட்டினி போட்ட தொட்டி

பாசி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

துடுப்புச் சக்கரம் ஓயாமல் சுற்ற, காற்றுக் குழாய்கள் கொப்புளம் விட, ஒரே சீரான பச்சைக் குழம்பாகக் கலங்கிக்கிடக்க வேண்டிய தொட்டியில், சின்னவன் நின்ற பக்கம் மட்டும் கரும்பச்சையாகத் திரண்டிருந்தது. எதிர்ப்பக்கம் அடித்தளம் தெரியுமளவுக்குத் தண்ணீர் தெளிந்துகிடந்தது. அவன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். குளத்து நாற்றமும் மீன் வாடையும் அடைத்துக்கிடந்த கொட்டகையில், குழல்விளக்குகளின் ரீங்காரத்துக்கு அடியில், ஈரத்துணியைத் தரையோடு இழுப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பச்சை அவன் பின்னாலேயே வந்தது.

அண்ணனைக் கூப்பிட்டான். பாசி வளர்த்து எண்ணெய் எடுக்கும் அந்தக் கொட்டகை அண்ணனுடையது, வேலை மட்டும் தம்பியுடையது.

"அண்ணே, கொஞ்சமாவது உரம் போட்டுடலாம். பசியில என்னமோ பண்ணுது."

"உரம் போட்டா புரதம்தான்டா வரும். பட்டினி போட்டாத்தான் கொழுப்பு வைக்கும். நமக்கு வேண்டியது எண்ணெய்." அண்ணன் சிரித்தார். "பாசிக்குப் போய்ப் பாவம் பாக்குறான் பாரு!"

அப்போது துடுப்பு நின்றது.

"என்னமோ சிக்கியிருக்கு. மோட்டார அணைச்சுட்டுக் கைய விடு."

"கம்பி எடுத்துட்டு வர்றேண்ணே."

"ஏன், கை தேஞ்சா போயிடும்?"

சின்னவன் முழங்கைவரை விட்டான். வெதுவெதுப்பு. பூனையின் நாக்குபோல் ஏதோ சொரசொரவென்று நக்கியது, மெதுவாக, அக்கறையாக. வலிக்கவே இல்லை.

இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். வந்தது.

காயம் இல்லை. ரத்தம் இல்லை. முழங்கைக்குக் கீழே சதையும் இல்லை. எலும்பின்மேல் ஈரக் காகிதமாகத் தோல் ஒட்டியிருந்தது. விரல்கள் இன்னும் அசைந்தன.

"அண்ணே..."

அண்ணன் கையைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தார். கை இருந்த இடத்தில் பொன்னிறமாக எண்ணெய் மிதந்து பரவியது. நீள அகப்பையால் அள்ளி, விரலில் தேய்த்து முகர்ந்தார்.

"இத்தனை மாசமா வராத எண்ணெய்டா."

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்ணே. வலிக்க ஆரம்பிச்சிருச்சு."

"போகலாம்டா கண்ணா, போகலாம்." அம்மா செத்த அன்றுகூட அந்தக் குரலில் இவ்வளவு பாசம் இருந்ததில்லை.

கதவருகே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. அண்ணன் உள்பக்கம் நின்றார்.

திரும்பி வந்து தோளைப் பிடித்தார். கனத்த ஆள். சின்னவனுக்கு ஒரு கைதான்.

"அண்ணே. வேணாம்ணே."

விளிம்பு இடுப்பில் இடித்தது. கழுத்து தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது.

கீழே, பச்சை முழுவதும் குவிந்து மேலெழும்பியது. அதில் அவன் முகம் தெரிந்தது. அவன் வாயை இறுக மூடியிருந்தான்.

அந்த முகத்தின் வாய் திறந்திருந்தது.