பதினோரு விசிறிப்பனைகளும் ஒரு சித்தப்பாவும்

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகிவிடும். அன்று பள்ளி விட்டு அம்மாவின் செடி நர்சரிக்குள் நுழைந்ததும் இரண்டு காதும் கொதித்தன.

என் பதினோரு பைகளும் மொட்டையாக நின்றன. வெறும் மண்!

அந்தக் கறுப்புப் பைகளில் விசிறிப்பனை விதைகளை ஊன்றி, இரண்டு மாதம் தினமும் தண்ணீர் தெளித்தவள் நான். "முளைச்சு வந்தா வேலியோரம் முழுக்க உன் பனைதான்" என்று அம்மா சொல்லியிருந்தார். முளைத்தும் விட்டன. நேற்றுவரை பைக்கு ஒன்றாக, விரல் நீளத்துக்குப் பச்சையாக நின்றன.

"யாரு பிடுங்கினது?" என்று கத்தினேன்.

தண்ணீர்க் குழாயோடு சித்தப்பா வந்தார். நர்சரியில் களை எடுப்பது அவர் வேலை.

"நான்தான். பைக்குப் பை புல்லு முளைச்சிருந்துச்சு. சுத்தம் பண்ணிட்டேன்!" என்றார். இதற்குப் பாராட்டு வேறு எதிர்பார்த்தார்.

"அது புல்லு இல்ல, என் பனை!"

"யார்கிட்ட கதை விடுற? நீதானே அட்டை குத்தி வெச்சிருக்கே?"

அட்டையைக் காட்டினார். அதில் நான் வரைந்த படம் இருந்தது. விரிந்த விசிறி போல ஓர் இலை.

"இந்த மாதிரி இலையைத் தொடக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துதான் எடுத்தேன். விசிறி ஒண்ணுகூட இல்லையே!"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். விசிறிப்பனையின் முதல் இலை விசிறியாக வராது. புல்லைப் போல ஒற்றையாகத்தான் வரும். அது தெரிந்தும் பெரிய மரத்தின் இலையை வரைந்து வைத்திருக்கிறேன். இப்போது என் மேலேயே கோபம் வந்தது. அது இன்னும் மோசமான கோபம்.

"பிடுங்கினதை எங்க போட்டீங்க?"

"குப்பைக் குழியில. மூணு கூடை புல்லோட."

ஓடினேன். குழி முழுக்க ஒரே பச்சை. சித்தப்பா தலையைச் சொறிந்தார்.

"இதுல எது பனை, எது புல்லுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நான் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். நான் ஊன்றியது மிளகைவிடக் கொஞ்சம் பெரிய விதை. இவ்வளவு சீக்கிரம் அது வேரை விட்டு எங்கே போயிருக்கும்?

"இலையைப் பார்க்காதீங்க சித்தப்பா. வேரைப் பாருங்க. விதை ஒட்டிட்டு இருந்தா அது என்னோடது."

முட்டி போட்டுத் தேடினோம். தேடிக்கொண்டே நான் திட்டினேன்.

"இதோ ஒண்ணு!" என்று துள்ளினார்.

"ஆட்டாதீங்க! வேர் ஒடிஞ்சிடும்."

"சரிங்க மேடம்."

சிரிப்பு வந்தது. வேண்டுமென்றே சிரிக்கவில்லை.

ஒன்பது கிடைத்தன. ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போய், மறுபடி பைகளில் நட்டு நிழலில் வைத்தோம். இரண்டு வாடிப்போயின. ஏழு பிழைத்துக்கொண்டன. அம்மா வேலியோரம் ஏழு இடங்களில் குச்சி நட்டு அடையாளம் வைத்தார்.

அடுத்த வாரம் கோபப்பட்டது அம்மா.

"என்ன இது, நர்சரியா காடா? எங்க பார்த்தாலும் புல்லு!"

"கை வைக்கவே பயமா இருக்கு அண்ணி. எது பனையோ, யாருக்குத் தெரியும்?" என்றார் சித்தப்பா.

கடைசியில் களை எடுக்க உட்கார்ந்தது நான்தான். சித்தப்பா பின்னாலேயே வந்து, நான் பிடுங்கிய ஒவ்வொரு புல்லின் வேரையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.