ஜெபவீட்டில் ஒரு சங்கிலி

"ஐயோ... பாஸ்டர் செத்துக் கெடக்குறாரு!"

உப்பு வாரப் போன அமராவதியின் அலறல், மரக்காணம் உப்பளத்தைத் தாண்டி ஈசிஆர் ரோடு வரை கேட்டது.

தகரக் கூரை ஜெபவீடு. தரையில் பாஸ்டர் சாலமன் மல்லாந்து கிடந்தார்.

காலில் இரும்புச் சங்கிலி!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஆரோக்கியசெல்வி அதைக் குனிந்து பார்த்தாள். அவளுடைய அண்ணன் அந்தோணிராஜைப் பாஸ்டர் இங்கே கட்டிப்போட்டிருந்த சங்கிலி அது!

போன வருஷ சுனாமியில் பெண்டாட்டியைப் பறிகொடுத்த பிறகு, அவன் காதில் ஏதேதோ குரல்கள் கேட்டன. பாண்டிச்சேரி டாக்டரின் மாத்திரையில் கொஞ்சம் தேறி வந்தான்.

"மாத்திரை திங்கிறவன் விசுவாசியே இல்ல" என்று சொல்லி, அத்தனையையும் உப்புத் தண்ணீரில் கொட்டினார் பாஸ்டர். பாவி மனுஷன்!

இப்போது அண்ணனைக் காணோம்...

"உன் அண்ணன்தாம்மா கொன்னிருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர் நடராசன். "எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"அவன் எறும்பக்கூட நசுக்க மாட்டான் சார்!"

"பைத்தியத்துக்கு எறும்பு என்ன, பாஸ்டர் என்ன?"

செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் ஜீப் வந்து நின்றது. கான்ஸ்டபிள் ஒருவர் அந்தோணிராஜைக் கீழே தள்ளினார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல கத்திக்கிட்டு இருந்தான் சார்!"

"ஏன்டா கொன்ன?"

"நான் கொல்லல சார்... பாஸ்டருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் கேட்டு ஓடினேன். பைத்தியம்னு சொல்லித் தொரத்திட்டாங்க..."

"உன் சங்கிலி அவர் கால்ல எப்படிடா வந்துச்சு?"

"நாங்கதான் மாட்டினோம்!"

வாசலில் முழங்காலிட்டிருந்த விசுவாசிகளில் மூத்தவர், பாவாடை என்பவர், எழுந்தார். முகத்தில் அத்தனை பெருமை!

"ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடான்னு கேட்டாரு சார். பாஸ்டர் அப்படிக் கேப்பாரா? உள்ள பூந்த பிசாசு கேக்குது! அதான் இவனை அவுத்து வுட்டுட்டு அவரைக் கட்டினோம். சுத்தி நின்னு ஜெபிச்சோம். சத்தம் அடங்கினதும் பிசாசு ஓடிப்போச்சுன்னு வெளிய வந்துட்டோம்."

"அவரு என்ன சொன்னாரு?"

"'நான் பிரசங்கம் பண்ணதெல்லாம் பொய்டா, காப்பாத்துங்கடா'ன்னு அழுதாரு சார்! அந்தப் பிசாசுக்கு எவ்ளோ தந்திரம் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் பாவாடையின் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு விலங்கை எடுத்தார்.

செல்வி ஓடிப்போய் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஜீப்பில் ஏறும்போது பாவாடைக்கு வியர்த்துக் கொட்டியது. குரல் இறங்கியது.

"சார்... எனக்கு பிரஷர் இருக்குது. வீட்ல யாருக்கும் தெரியாம மாத்திரை வச்சிருக்கேன்... எடுத்துக்கிட்டு வரட்டுமா?"

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வுட்றாதீங்க சார்... கேக்கறது பிசாசு!"