மூன்றாவது கட்டில் வரும்போது

பூட்டிக் கிடந்த பழைய மருத்துவமனையின் பெண்கள் வார்டு. மறுநாள் இடிக்கப் போகிறார்கள். அதற்குள் படம் பிடித்து வைக்கச் சொன்னார்கள் என்று ஒளிப்பதிவாளன் மனைவியோடு வந்திருந்தான். வேலை சின்னது. வலப்பக்கச் சன்னலில் தொடங்கி, கேமராவை மெல்ல இடப்பக்கம் திருப்பி, கதவில் முடிக்க வேண்டும்.

மூன்றாவது கட்டில் வந்ததும் படம் குலுங்கியது. ஒவ்வொரு முறையும், அதே இடத்தில்.

கோளாறு என்றால் அவனுக்குக் கொண்டாட்டம். டிரைபாடின் கால்களை ஏற்றி இறக்கி, நீர்மட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தான். கேமரா திரும்புவதைக் கட்டுப்படுத்தும் திருகை முழுதாக இறுக்காமல், தள்ளினால் கொஞ்சம் கனத்து நகரும் அளவுக்கு வைத்தான். பாதங்களைக் கதவு பார்க்க ஊன்றி, இடுப்பை மட்டும் சன்னல் பக்கம் முறுக்கிக்கொண்டான். முறுக்கு அவிழ அவிழ, உடம்பே கேமராவைச் சீராக இழுத்துப் போகும்.

குலுங்கியது.

கதவோரம் உட்கார்ந்திருந்த மனைவி, வீட்டில் குழாய் ஒழுகினால் திரும்பிப் பார்க்காத மனுஷன் ஒரு திருகுக்கு உயிரை விடுகிறாரே என்று சீண்டினாள். இந்த வாடையில் தலை வலிக்கிறது, கிளம்பலாம் என்றாள். இன்னும் ஒரே தடவை என்றான்.

கைப்பிடியில் ரப்பர் பேண்டை மாட்டி, அதைப் பிடித்து இழுத்தான். கையின் பதற்றத்தை ரப்பர் வாங்கிக்கொள்ளும், கேமராவுக்குப் போகவிடாது.

மூன்றாவது கட்டில். ரப்பர் நீண்டது. நீண்டுகொண்டே போனது. கைப்பிடி அசையவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. லென்ஸ் இடப்பக்கம் போனால், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி வலப்பக்கம் வரும். அப்படியானால் தடை கட்டிலில் இல்லை.

அவனுக்கு வலப்பக்கத்தில், ஒட்டினாற்போல் நிற்கிறது.

திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. ஈரத்துணி வாடை மட்டும்.

"ஏங்க," என்றாள் மனைவி. "உங்க பக்கத்துல நிக்கிறது யாரு?"

"நீ எழுந்து வெளிய போ. ஓடாத. திரும்பிப் பாக்காத."

அவள் எழுந்தாள். அவன் விரல்களிலிருந்து ரப்பர் நழுவியது.

கேமரா திரும்பியது. துளி அதிர்வில்லை. அவன் ஆயுசில் அத்தனை சீராக எடுத்ததில்லை. கதவுவரை அவளோடு போனது. அவள் வெளியேறித் தாழ்வாரத்தில் நடக்க, லென்ஸ் சுவரைப் பார்த்தபடியே அவள் காலடிச் சத்தத்தோடு நகர்ந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். டிரைபாடின் கால்கள் தரையில் தேய்ந்தனவே தவிர, அது நிற்கவில்லை.

எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

இப்போது வீட்டில் இருப்பது வேறு கேமரா, வேறு டிரைபாட். மனைவி சமையலறைக்குப் போனால் லென்ஸ் அந்தப் பக்கம். படுக்கப் போனால் அந்தப் பக்கம். கழற்றிப் பரணில் போட்டால், விடியும்போது கூடத்தில் மாட்டி நிற்கிறது. அவள் அழுவதைக்கூட விட்டுவிட்டாள்.

படம் குலுங்காமல் வர வழி இதுதான்: திருகைத் தளர்த்திவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.