மந்திரிக்குப் போட்ட பொடி

நாயின் தொண்டைக்குள் அவள் கை மணிக்கட்டுவரை போயிருந்தது.

"கடிச்சிராதடா மந்திரி, என் ராசா, கொஞ்சம் பொறுத்துக்கோ!"

கண்கள் பிதுங்க, நாக்கு நீலம் பாரிக்க, சமையலறைத் தரையில் கால்களை உதைத்துக்கொண்டிருந்தது அது. விரலில் ஏதோ வழுக்கியது. பிடித்து இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. எச்சிலும் பித்தமும் ஊறி, செரிக்காத சோறு அங்கங்கே ஒட்டி, அழுகிய முட்டை நாற்றத்தோடு முழ நீளத்துக்கு ஒரு கயிறு.

சளக்கென்று தரையில் விழுந்தது. மந்திரி இரண்டு முறை இருமியது. எழுந்தது. அதையே மறுபடியும் விழுங்கக் குனிந்தது.

அவள் நாயைக் காலால் தள்ளிவிட்டு, கயிற்றைக் குழாயடியில் பிடித்தாள். தண்ணீர் பட்டதும் இழை இழையாகப் பிரிந்தது. முடி. சாயம் பூசிய செம்பட்டை முடி.

ஈரக் கை தானாகப் பின்னந்தலைக்குப் போயிற்று. கொண்டைக்குக் கீழே வழவழவென்று வெறும் தோல். கொஞ்ச நாளாக, மதியத் தூக்கம் கலையும்போதெல்லாம் தலையணை நனைந்திருக்கும். தலைமாட்டில் மந்திரி உட்கார்ந்திருக்கும். பாசம் என்று நினைத்திருந்தாள்.

"என்னங்க! மந்திரி சோத்துல கலக்கச் சொன்ன அந்தப் பொடியில என்னதான் போடுறீங்க?"

புரதப் பொடி டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிய பசைக் கையோடு பின் அறையிலிருந்து வந்தான் கணவன்.

"தொழில் ரகசியம்டி. எந்திரிக்க முடியாம கிடந்த கிழட்டு நாய், இன்னிக்குப் புது மாப்பிள்ளை கணக்கா மினுக்குது. அதோட முதுகுல முகம் பார்த்து நீ தலை சீவலாம்."

"எதைச் சீவ?" திரும்பி நின்று பின்னந்தலையைக் காட்டினாள்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. நாயைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"முடிதான்" என்றான் மெதுவாக. "சலூன்ல கூட்டித் தள்ளுறது. அமிலத்துல வேக வெச்சு, காயவெச்சு அரைக்கிறேன். முடியும் புரதம்தானே? சோதிக்கிற மெஷினுக்குக் கறி எது, முடி எதுன்னு தெரியவா போகுது?"

"மெஷினுக்குத் தெரியாது. நாய்க்கு ருசி தெரிஞ்சிருச்சே!"

ஊரார் தலை. ஊரார் பொடுகு, பேன், வியர்வை. அதைத்தான் இந்தக் கையால் சோற்றில் பிசைந்து ஊட்டியிருக்கிறாள். ஒருநாள் உப்பு பார்க்க நாக்கிலும் வைத்திருக்கிறாள். தொட்டியில் குனிந்து ஓங்கரித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வேற யாருக்குக் கொடுத்தீங்க?"

"கடைக்கு இன்னும் போகலை. உன் தங்கச்சிக்கு மட்டும்... அவ நாய்க்குன்னு ஆசையா கேட்டா."

தங்கை வீடு. நாய். நாலு மாதக் கைக்குழந்தை.

தங்கைக்கு வீடியோ அழைப்பைத் தட்டினாள். நாலு முறை மணி அடித்தபின் திரையில் தங்கையின் முகம் வந்தது, தூக்கக் கலக்கமும் சிரிப்புமாக.

"பாப்பா எங்கடி?"

"இதோ, எனக்குப் பின்னாடி மெத்தையில. ஏன்க்கா மூச்சு வாங்குற?"

"நாய்?"

"அதுவும் பக்கத்துலதான். பாப்பா தலையை நக்கிக்கிட்டே கிடக்கும், அப்படியொரு பாசம்! பாவம், குழந்தைக்கு முடியெல்லாம் கொட்டிருச்சு. இந்த வயசுல அது சகஜம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நாயை வெளிய துரத்து! இப்பவே!"

"ஐயோ, கத்தாதக்கா. இவ்வளவு நேரம் வீல்வீல்னு அழுது தீர்த்துட்டா. கண்ணசந்துட்டேன் போல. இப்பதான் சத்தம் நின்னிருக்கு."

தங்கையின் தோளுக்குப் பின்னால், திரைச்சீலை மூடிய அரையிருட்டில், மினுமினுவென்று ஒரு கறுப்பு முதுகு. சளப். சளப். அப்புறம் அந்தச் சத்தமும் இல்லை.

"ஏன்க்கா அப்படி முழிக்கிற?"

அவள் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

மெத்தையில் சின்னத் தலை ஈரமாகப் பளபளத்தது. அதில் ஒரு முடிகூட மிச்சமில்லை.

நாயின் தாடை மட்டும் நிதானமாக மென்றுகொண்டிருந்தது.