ஏறுறதுக்கு இருநூத்திப் பன்னெண்டு காரணம்

நிலாக் குடியிருப்புல காலையில பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி எலும்பைக் காப்பாத்த ஓடணும். அங்க எடை கம்மி. சும்மா உக்காந்திருந்தா எலும்பு கரைஞ்சு போயிடும். அதனால வீட்டுக்கு ரெண்டு ஓடுசக்கரம், ரெண்டுக்கும் தெனம் காலையில அந்த ஒரே ஒரு மணி நேரம்தான் கரண்ட்.

மங்கையர்க்கரசியோட புருஷன் திருமாறன் அதுல ஏறவே மாட்டார். முப்பது நாள்ல பூமிக்குக் கப்பல். எலும்புச் சோதனையில தேறினாத்தான் எடம், விட்டா ரெண்டு வருஷம் காத்திருக்கணும். கரூர்ல மக கயலுக்கு எட்டாம் மாசம்.

யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அங்க சட்டம். நல்லது எதுன்னு புரிஞ்சவன் கெட்டதைச் செய்ய மாட்டான்னு அந்தக் காலத்துல ஒரு கிரேக்கர் சொன்னாராம். அதை நம்பி வீட்டுக்கு வீடு ஒரு ‘இயம்பி’ வச்சுட்டாங்க. அடிக்காது, திட்டாது, காரணம் மட்டும் சொல்ற ரோபோ.

அன்னிக்கு அது இருநூத்திப் பன்னெண்டாவது காரணம் சொல்லுச்சு.

“பிரமாதம்யா! மறுக்கவே முடியல.” திருமாறன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டார். அதை அப்படியே முந்நூறு பேருக்கு அனுப்பிட்டு மறுபடி படுத்துட்டார்.

மங்கைக்கு மண்டை கொதிச்சுச்சு. “யோவ்! புரிஞ்சுதில்ல? அப்புறம் என்ன படுக்கை?”

“புரியுது மங்கை. மனசு வரணும்ல?”

“எங்கக்கா புருஷனுக்கு அறுபத்தொண்ணு. மூட்டுல இரும்பை வச்சுக்கிட்டுப் போன வாரமே தேறிட்டார். உங்களுக்கு எலும்பு மட்டுமா கரைஞ்சுச்சு? ரோஷமும்ல சேர்ந்து கரைஞ்சிருக்கு!”

சகலை பேச்சு காதுல விழுந்ததும் மனுஷன் துள்ளி எழுந்தார். “அந்தாளு தேறுவான், நான் தேற மாட்டேனா?” சக்கரம் அலறுச்சு.

“இது காரணமே இல்லையே!” இயம்பி திருதிருன்னு முழிச்சுச்சு.

அப்புறம் ஒரு நாள் விடல. மங்கை பக்கத்துலயே நிப்பா. வேகம் கொறைஞ்சா சகலை பேச்சை இழுத்து உசுப்பேத்துவா.

“அம்மா, உங்க சக்கரம் சும்மா நிக்குது.” இயம்பி தெனமும் கெஞ்சும்.

“எனக்குத் தெரியாதா? நான் ஏறினா இவர் எறங்கிடுவார். வாயை மூடு!”

சோதனையில திருமாறன் தேறிட்டார். மங்கை தேறல.

கப்பல் வாசல்ல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவ. அந்தப் பக்கம் அவர், மைக்கைப் பிடிச்சுப் பொறுமையா ஆரம்பிச்சார். “கோவப்படாமக் கேளு மங்கை. தெனமும் ஏன் ஓடணும்னா, மொதல் காரணம்...”

மங்கை செருப்பைக் கழட்டி விட்டெறிஞ்சா. அது கண்ணாடியில மோதி, நிலாவுல எல்லாம் விழுற மாதிரி மெதுவா எறங்குச்சு. தரையைத் தொடறதுக்குள்ள அவர் ரெண்டாவது காரணத்துக்கு வந்துட்டார்.