இல்லியக்கியில் இடமில்லை

குழாயடியில் அரசி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் வரவில்லை. அம்மா விசாலம் வந்து தன் கையை நீட்டியதும் கொட்டியது.

"விருந்தாளிக் கெடு நேத்தோட முடிஞ்சுதேடி. சீக்கிரம் கொப்புளி, கை வலிக்குது."

கூடத்தில் இருந்த அப்பா சிதம்பரநாதனுக்கு இது காதில் விழாமல் இல்லை. ஆனால் அவர் கண்ணாடி முன் நின்று விருது விழா உரைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அடுக்ககத்தில் வீடுகளை நடத்துவது இல்லியக்கி என்னும் ஆபரேட்டிங் சிஸ்டம். கதவு, விளக்கு, குழாய் எல்லாம் அதில் பதிவான ஆட்களுக்கே பணியும். ஊரார் வீட்டு இல்லியக்கிகள் அடிக்கடி படுத்துவிடும். எதிர்வீட்டுக்காரர் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டு அங்கேயே மதியச் சாப்பாடு சாப்பிட்டதுண்டு. சிதம்பரநாதன் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அதற்காக அடுக்ககச் சங்கம் 'நிலைத்த இல்லம்' விருது தரப்போகிறது. பொன்னாடை என்ற சொல்லைக் கேட்டாலே அவர் தோள் தானாக அகலும்.

"ரகசியம் ஒண்ணுமில்ல. புதுசா எதையும் ஏத்தாதீங்க. பயன்படாததை உடனே நீக்குங்க," என்றார் கண்ணாடியிடம்.

அப்படி நீக்கியவற்றில் அரசியும் அடக்கம். கல்யாணச் சாப்பாடு செரிப்பதற்குள் மகள் பெயரை எடுத்துவிட்டார். ரேஷன் அட்டையில் எடுப்பதில்லையா, அதுபோல. இப்போது அவள் அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மறுபடி சேர்க்கப் புதிய பதிப்பை ஏற்றியாக வேண்டும். ஏற்றினால் எது நிற்கும், எது படுக்கும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது.

"விழா முடியட்டும்மா, ஏத்திடறேன்."

"இன்னைக்குக் கதவு பூட்டறப்போ வீடே என்னை வெளியாள்னு காவலுக்குச் சொல்லிடும்ப்பா. நான் எங்க போறது?"

"மாப்பிள்ளைகிட்ட ரெண்டு நாள்..."

அரசி பையை எடுக்கக் குனிந்தாள். கழுத்துக்குப் பின்னால் இருந்த காயம் இன்னும் ஆறவில்லை.

"பொன்னாடையைப் போர்த்திக்கிட்டு வாங்க," என்றாள் விசாலம். "அதைப் பாக்க இந்த வீட்ல நான் இருக்க மாட்டேன்."

சிதம்பரநாதன் சுவர்த்திரைக்குப் போனார். 'புதுப்பி' என்பதை அழுத்தினார். சேர்க்க வேண்டியவர் பெயரைத் திரை கேட்டது. "மங்கையர்க்கரசி," என்று மகளின் முழுப்பெயரைச் சொன்னார்.

விளக்குகள் அணைந்தன. மின்விசிறி நின்றது. நல்ல வெயில் நேரம், வேர்த்துக் கொட்டியது. பிறகு, பழக்கமில்லாத ஒரு குரல் பேசியது.

"வணக்கம், மங்கையர்க்கரசி. பழைய பதிவுகள் ஒத்துவராததால் நீக்கப்பட்டன. கூடத்தில் அறிமுகமில்லாத இருவர் இருக்கிறார்கள். விருந்தினரா?"

அரசி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது சொல்லுடி, புழுங்குது," என்றாள் விசாலம்.

"ரெண்டு பேரும் இந்த வீட்டு ஆளுங்கதான். என் அப்பா, அம்மா."

"முழு உரிமை வழங்கலாமா?"

அரசி பையை மூலையில் தள்ளி வைத்தாள்.

"அம்மாவுக்குக் குடு. அப்பாவுக்கும் குடு. ஆளை நீக்கற உரிமை மட்டும் அவருக்கு வேண்டாம்."

சிதம்பரநாதன் ஆட்சேபிக்கவில்லை. அவர் தலைக்கு மேல் மின்விசிறி மெல்லச் சுற்றத் தொடங்கியிருந்தது.