கட்டுமாவடியில் ஏது அலை?

"பனைமர உயரத்துக்கு அலைகள் எழுந்தன. படகு வானத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியது."

சேரன் தந்த கதையை இசைவாணி வாசிக்க வாசிக்க வகுப்பே சிரித்தது.

"டேய் சேரா, இது எந்த ஊருக் கடலு?" என்றான் கண்ணன். "நம்ம கட்டுமாவடியில ஏதுடா அலை? கம்மாத் தண்ணிகூட இதவிடக் கூடுதலா ஆடும்."

சேரன் தலைகுனிந்தான்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து, தங்கள் ஊரைப் பற்றி ஒரு கதைப் புத்தகம் போடுகிறார்கள். கதைகளைச் சேர்க்கும் பொறுப்பு இசைவாணிக்கு. நாளைக் காலையில் எல்லாம் அச்சகத்துக்குப் போகிறது. வேறு கதை தராவிட்டால், சேரன் பெயர் இல்லாமலே புத்தகம் வந்துவிடும்.

பள்ளிக்கூடம் விட்டதும் இசைவாணி அவனைத் தேடிக் கடற்கரைக்குப் போனாள். அவன் அம்மாவின் போனோடு உட்கார்ந்திருந்தான்.

"இது நீ எழுதுனதில்லதான?"

"ஏஐகிட்ட மீனவர் கதை ஒண்ணு கேட்டேன். ஒடனே குடுத்துருச்சு," என்றான் சேரன். "நான் எழுதுனா எனக்கே தூக்கம் வருது. டீச்சர்கிட்ட சொல்லிருவியா?"

"அத விடு. அது பாவம், நம்ம கடலப் பாத்ததே இல்ல. நீதான் தெனமும் பாக்குற. ஒங்கப்பாகூடப் போனப்ப இன்ஜின் நின்னுபோச்சாமே? அதச் சொல்லு. பேசுறத போனே எழுதிக்கும்."

"அதெல்லாம் ஒரு கதையா?"

"எனக்குத்தான சொல்ற. சொல்லேன்."

சேரன் மெதுவாக ஆரம்பித்தான். "இன்ஜின் டப்புன்னு நின்னுருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்பா கைலிய மடிச்சுக்கட்டிக்கிட்டுத் தண்ணிக்குள்ள குதிச்சுட்டாரு. அப்பான்னு கத்துறேன். பாத்தா, தண்ணி அவரு இடுப்புக்குத்தான் இருக்கு."

இசைவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்பறம்?"

"பஸ்ஸத் தள்ளுற மாதிரி ரெண்டு பேரும் படகத் தள்ளிக்கிட்டே வந்தோம். திடீர்னு அப்பா அய்யோங்கிறாரு. கைலியப் புடிச்சுக்கிட்டு ஒரு நண்டு தொங்குது. எவ்வளவு ஒதறியும் விடல. அதையும் இழுத்துக்கிட்டே கரைக்கு வந்தோம்."

"நண்டு?"

"கொழம்பு."

சொன்னதெல்லாம் போனில் எழுத்தாக நின்றது. சேரன் அதை ஆச்சரியமாகப் பார்த்தான். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தச் சொல்லி ஏஐயிடம் கேட்டான். அது திருத்தியது. கடைசியில் தானாகவே ஒரு வரியும் சேர்த்தது: 'அப்பா அந்த நண்டை அன்போடு கடலில் விட்டார்.'

"நல்ல மனசுதான்," என்றாள் இசைவாணி.

"அதுக்காக நாங்க தின்னது இல்லைன்னு ஆயிருமா?" என்று அந்த வரியை அழித்தான் சேரன். பிறகு வீட்டில் உட்கார்ந்து, அதை இரண்டு தாள்களில் அழகாக எழுதினான்.

மறுநாள் காலை புவனேஸ்வரி டீச்சரிடம் நீட்டினான்.

"முதல்ல தந்த கதை ஏஐ எழுதுனது, டீச்சர். இது என்னோடது. பிழை மட்டும் அது திருத்துச்சு."

டீச்சர் முதல் தாளை வாசித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏம்ப்பா, அந்த நண்டு என்ன ஆச்சு?"

"அதுக்கு நீங்க அடுத்த பக்கம் படிக்கணும், டீச்சர்," என்றான் சேரன்.